வேலையில் மனசு ஒட்டுவது எதனால்? ஆத்தங்குடிக் கல்லும் ரங்கூன் வட்டிக்கடையும்

காரைக்குடிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால் விசாரிக்க வருகிறவர்கள் கேட்பது மூன்றுதான்: எந்த ஊர், என்ன சம்பளம், நிரந்தரமா. மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தாலே அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போகும்போது, அந்த மூன்று பதிலை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. வீட்டில் "கொஞ்சம் மனசு வச்சு பாரு, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். செல்போனைத் திறந்தால் யாராவது "உனக்குப் பிடித்ததை மட்டும் செய்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு அறிவுரையும் பொறுப்பை ஒரே ஆள் தலையில் கட்டுகின்றன, வேலை பார்க்கிறவர் தலையில்.

காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வருஷா வருஷம் உலகம் முழுக்க எடுக்கும் கணக்கெடுப்பில், 2024ல் தன் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கிறவர்கள் 21 சதவீதம் என்று வந்தது. ஐந்தில் ஒருவர்! மீதி நான்கு பேருக்கும் மனசு சரியில்லை, எல்லாரும் தப்பான வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், செய்த பொருள் கடைசியில் யார் கைக்குப் போகிறது, அடுத்த படி என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறதா, இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று நான் நினைக்கிறேன். இதற்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்த ஆய்வுகளைச் சொல்லப்போகிறேன், ஆனால் அவை கண்டுபிடித்ததில் பாதியை நம்ம செட்டிநாட்டுத் தொழில்களிலேயே பார்க்கலாம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் போடுகிற பட்டறைக்குள் ஒருமுறையாவது போய் நின்று பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுத்தமாகத் துடைத்து, மேலே சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம், சிமெண்டில் நிறப்பொடியைக் கரைத்த குழம்பு, அதைக் கரண்டியால் மொண்டு ஊற்ற வேண்டும். கூடினால் பக்கத்து அறைக்கு வழியும், குறைந்தால் பூவில் பொத்தல் விழும். ஊற்றியதும் அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும், கை கொஞ்சம் ஆடினாலும் கோடு கலங்கிவிடும். அப்புறம் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை இழுக்க விட்டு, அதன்மேல் கலவையைப் போட்டு நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. அத்தனை நேரமும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கல்லின் முதுகைத்தான், கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் பூவின் முகம் தெரிகிறது, அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுத்ததுதான்.

இந்த வேலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிக்கிறார், அரைகுறையாக இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதில்லை. நிறத்தின் பதம் பார்ப்பது, ஊற்றுவது, தூக்குவது, மட்டம் தட்டுவது என்று கைக்குப் பலவிதமான வேலை. குழம்பு இன்றைக்குக் கெட்டியாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்பதை அவர் கைதான் முடிவு செய்கிறது, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. செய்தது சரியா தப்பா என்று யாரும் வந்து மதிப்பெண் போடவேண்டியதில்லை, கண்ணாடியை எடுத்ததும் கல்லே சொல்லிவிடும். அந்தக் கல் ஒரு வீட்டின் முகப்பில் நாற்பது ஐம்பது வருஷம் கிடக்கும், நடக்க நடக்க மெருகேறும், கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதில்தான் பந்தி உட்காருவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

ரிச்சர்ட் ஹேக்மேன், கிரெக் ஓல்டம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களின் நடுவில், ஒரு வேலை மனசுக்கு நிறைவாக இருக்க அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று தேடி ஐந்து விஷயங்களைச் சொன்னார்கள். பலவிதத் திறமைக்கு இடம், முழுசாக ஒன்றைச் செய்து முடிப்பது, அது மற்றவர்களுக்குப் பயன்படுவது தெரிவது, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, எப்படிச் செய்தோம் என்று வேலையே திரும்பச் சொல்வது. மேலே கல் போடுகிறவரைப் பற்றிச் சொன்னதில் ஐந்தும் இருக்கின்றன.

இப்போது அதே பட்டறையில் ஒரு மாற்றத்தை மட்டும் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேகம் வேண்டும் என்று முதலாளி வேலையைப் பிரிக்கிறார். ஒருவர் நாள் முழுக்கக் கண்ணாடி துடைப்பார், ஒருவர் சிவப்பு மட்டும் ஊற்றுவார், ஒருவர் அச்சு மட்டும் தூக்குவார். கல் அதேதான், கூலியும் அதேதான் என்றே வைத்துக்கொள்வோம், எண்ணிக்கை கூடக் கூடலாம். ஆனால் "இது நான் போட்ட கல்" என்று அங்கே இனி யாராலும் சொல்ல முடியாது. சிவப்பு ஊற்றுகிறவருக்குச் சாயங்காலம் எண்ணுவதற்கு மணி மட்டும்தான் இருக்கும். ஆட்கள் மாறவில்லை, அவர்கள் மனசும் மாறவில்லை, ஏற்பாடு மாறியது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்ம பிள்ளைகள் பலரின் வேலை இந்தச் சிவப்பு ஊற்றுகிற வேலைதான். ஒரு பெரிய காரியத்தின் ஒரு துண்டு அவர்கள் மேஜைக்கு வரும், அதைச் செய்து அனுப்புவார்கள், அது எங்கே போய் என்ன ஆனது என்று தெரியாது.

கல் பட்டறையைப் பொன்னுலகமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. குனிந்தே உட்கார்ந்து இடுப்பு போகிறது, சிமெண்டுத் தண்ணீர் விரலைத் தின்கிறது, மழை பிடித்துக்கொண்டால் கல் காயாது. நிறைவான வேலை என்றால் கூலி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அவர்களை நம்பாதீர்கள், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வேலை ஏற்பாடு என்பதில் நம்ம பக்கத்தில் எழுதி வைத்துப் படிக்க வேண்டிய ஒன்று, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய வட்டிக்கடைகளின் ஆள் அமைப்பு. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன காலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அரண்மனை மாதிரி வீடுகளையும் தேக்குத் தூண்களையும்தான் சொல்கிறார்கள், அந்தக் கடைகளுக்குள் வேலை எப்படி நடந்தது என்று கேட்பது குறைவு. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார், கடையை நடத்துவது சம்பளத்துக்குப் போன ஆட்கள்.

கீழிருந்து மேலாகப் பார்த்தால், முதலில் பெட்டியடிப் பையன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்து, மா, காணி, முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரைக்கும் மனக்கணக்குப் போட்டுப் பழகி, கடைக்கு வந்து பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான். எடுபிடி வேலைதான், ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம்: கடன் கேட்டு வருகிறவர் முகம், மேலாள் கேட்கும் கேள்வி, பேரேட்டில் விழும் வரி, எல்லாம் அவன் கண்முன்னால் நடக்கிறது. அவனுக்கு மேலே அடுத்தாள், கணக்குப் பார்ப்பவர். அவருக்கு மேலே மேலாள், கடைக்கு முழுப் பொறுப்பு. மேலாளுக்கும் முதலாளிக்கும் நடுவில் சம்பளச்சீட்டு என்று எழுத்து உண்டு. தவணை பொதுவாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறலாம். மூன்று வருஷம் முடிந்து கணக்கு ஒப்படைத்து ஐந்தொகை (முடிவுக் கணக்கு) சரியாக இருந்தால் லாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். அந்தப் பங்கைச் சேர்த்து வைத்துச் சொந்தமாகக் கடை வைத்தவர்கள் நிறைய.

ரங்கூனில் ஒரு மில்காரர் வந்து பெரிய தொகை கடன் கேட்டால், காரைக்குடிக்குக் கடிதம் எழுதிப் பதில் வரும்வரை அவர் காத்திருக்க மாட்டார். கொடுப்பதா வேண்டாமா, என்ன வட்டி, என்ன ஈடு என்பதை மேலாள் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். செய்ததை வரி விடாமல் கணக்கில் எழுதி ஊருக்கு அனுப்ப வேண்டும். முடிவெடுக்கும் உரிமையும் கணக்குச் சொல்லும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. இன்றைக்கு எத்தனையோ அலுவலகங்களில் பொறுப்பு ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கிறது, ஆளை உள்ளே இருந்து தின்பது அதுதான். இன்னொன்று, மேலாள் தனி ஆளாக நிற்கவில்லை. கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று பேசி முடிவு செய்தார்கள், சிங்கப்பூரில் கிட்டங்கி என்ற கடைக் கட்டிடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். திண்டாட்டம் வந்தால் கேட்பதற்கு ஊர்க்காரர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதருக்கு உள்ளே இருந்து ஊக்கம் வர மூன்று வேண்டும் என்று பல வருஷம் ஆராய்ந்து சொன்னார்கள்: நான் முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவந்திருக்கிறது என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மேலாள், பெட்டியடிப் பையன், கோயில் கூட்டம் என்று மூன்றுக்கும் வட்டிக்கடையிலேயே உதாரணம் கிடைக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு வேறு ஆட்கள் விலை கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பையன் என்பவன் உண்மையிலேயே சின்னப் பையன். மூன்று வருஷம் வீட்டுக்காரர் முகம் பார்க்காமல் ஆச்சிமார் வளவு வீடுகளில் இருந்தார்கள், பிறந்த பிள்ளை நடந்து பேசும் வயசில்தான் அப்பச்சியை (அப்பாவை) பார்த்தது. கடன் வாங்கிய பக்கத்தின் கதை இன்னும் கடுமையானது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல், 1938க்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்துவிட்டது. ஒரு வேலை செய்கிறவருக்கு நிறைவாக இருப்பதும், அது எதிரில் இருப்பவருக்கு நல்லது செய்வதும் தனித்தனி விஷயங்கள். வேலையைப் பற்றி யோசிக்கும்போது இரண்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முடிவெடுக்கும் உரிமை மனசோடு நிற்பதில்லை, உடம்பு வரைக்கும் போகிறது என்று காட்டியது இங்கிலாந்தின் வைட்ஹால் ஆய்வு. லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களை 1967 முதல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள், மைக்கேல் மார்மட் பிற்பாடு இதில் சேர்ந்தார். பொறுப்பு அதிகமாக இருக்கும் பெரிய அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, கணக்கு நேர் எதிராக வந்தது. அடிமட்டத்தில் இருந்த கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது, மேல்மட்ட அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. 1985ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு முக்கியக் காரணம் தெளிவானது: தன் வேலையை எப்படி, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதில் தனக்குச் சொல்லே இல்லாமல் இருப்பது. சுமை அதிகம், உரிமை குறைவு, இந்தச் சேர்க்கைதான் மனசை நெருக்குகிறது என்று ராபர்ட் கராசெக் 1979லேயே எழுதியிருந்தார்.

நம்ம ஊர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டமே இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக்கூடாது என்று இருந்த வழக்கத்தால் யாருக்கு என்ன லாபம்? 2021ல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று கொண்டுவந்தபோது சிலர் "இதற்கெல்லாம் ஒரு சட்டமா" என்றார்கள். எனக்கு அது பெரிய சட்டமாகத்தான் தெரிகிறது. உன் கால் வலிக்கிறதா என்று தீர்மானிக்கும் உரிமையை ஒருவரிடமிருந்து பறித்துவிட்டு அவரிடம் சிரித்த முகத்தைக் கேட்பது நியாயமில்லை. வேலை நேரமும் இதோடு சேர்ந்ததுதான். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் 2016ல் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் உலகம் முழுக்க ஏழு லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து மதிப்பிட்டன.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி 1959ல் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் எனக்கு உபயோகமாக இருக்கிறது. வேலையில் எது உங்களைச் சந்தோஷப்படுத்தியது என்று கேட்டால் சாதித்தது, பாராட்டு, வேலையின் சுவை, வளர்ச்சி என்று சொன்னார்கள். எது நோகடித்தது என்று கேட்டால் சம்பளம், மேலதிகாரி, நிர்வாக விதிகள், வேலை இடத்தின் நிலைமை என்று வேறொரு பட்டியல் வந்தது. அதாவது மோசமான சம்பளம் ஆளை வதைக்கும், அதைச் சரிசெய்தால் வதை போகும், ஆனால் அதுவே நிறைவைக் கொண்டுவந்துவிடாது. அதேபோல, நிறைவு தருகிற எதுவும் மோசமான சம்பளத்துக்கு ஈடாகாது. இரண்டு கணக்கையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும். "குடும்பம் மாதிரி பழகுகிறோம்" என்று சொல்லிச் சம்பளத்தை இழுத்தடிக்கிற முதலாளியும், "அதான் சம்பளம் கொடுக்கிறோமே" என்று ஆளை நாயாக நடத்துகிற நிறுவனமும் ஒரு கணக்கை வைத்து இன்னொன்றைக் கழிக்கப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கொட்டான் முடைவதைப் பார்க்கலாம். பனை ஓலைக் கூடையான கொட்டான் செட்டிநாட்டு வீடுகளில் சீர்வரிசைக்கும் சடங்குக்கும் பெண்கள் தாங்களே முடைந்தது. பிளாஸ்டிக் வந்து, முடையத் தெரிந்த ஆச்சிமாருக்கு வயசாகி, கிட்டத்தட்ட மறைந்துபோன கலையை விசாலாட்சி ராமசாமியும் அவருடைய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டார்கள். 2013ல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2019ல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. இங்கே என் கவனம் குறியீட்டில் இல்லை. ஒரு காலத்தில் வீட்டுக்காக, ஆசைக்காக முடைந்தது இன்றைக்குக் கூலிக்கு முடையப்படுகிறது, அப்படி ஆகும்போது கைவேலையின் சந்தோஷம் போய்விடாதா என்பதுதான் கேள்வி. டெசி 1971ல் செய்த சோதனை அந்தப் பயத்தைத்தான் கிளப்புகிறது: மாணவர்களிடம் கட்டைகளை அடுக்கும் புதிர் கொடுத்தார், தீர்த்ததற்குக் காசு வாங்கியவர்கள், காசு நின்றதும் சும்மா இருக்கும் நேரத்தில் அதைத் தொடுவது குறைந்துபோனது. ஆனால் இதை வைத்துக் காசு கெடுக்கும் என்று முடிவுகட்டுவது அவசரம். எண்ணிக்கைக்கு ஆட்டிவைக்கிற காசுதான் மனசை விலக்குகிறது. "உன் கை நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லிக் கொடுக்கிற கூலி அப்படிச் செய்வதில்லை. கொட்டான் முடைகிற பெண்ணுக்கு எந்த நிறத்தை எந்த நிறத்தோடு சேர்ப்பது என்று முடிவு செய்ய இடம் இருந்து, கூலியும் சோற்றுக்குப் போதுமானதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே இருக்கும். வீட்டில் இருந்தபடி, கூடப் பேச ஆட்கள் இருக்க, சொந்தக் கையில் காசு பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்தது யாருக்குப் போகிறது என்று தெரிவதைப் பற்றி ஒரு ஆய்வு எனக்கு மிகப் பிடிக்கும். ஆடம் கிராண்ட் 2007ல் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கிறவர்கள், நாள் முழுக்க "வேண்டாம்" என்றே கேட்கிற வேலை. அவர்களில் ஒரு குழுவை, அந்த நன்கொடையில் படிக்கிற ஒரு மாணவரோடு சில நிமிஷம் பேச வைத்தார்கள். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது, திரட்டிய பணம் இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தது. யாரும் உரை நிகழ்த்தவில்லை, ஊக்கத்தொகை கொடுக்கவில்லை.

கல்யாண வீட்டுச் சமையல்காரர்களுக்கு இது தெரியும். நம்ம பக்கத்து நல்ல சமையல் மாஸ்டர் பந்தி நடக்கும்போது அடுப்பை விட்டு வந்து ஓரமாக நிற்பார். எந்த இலையில் என்ன மிஞ்சுகிறது, எதை மறுபடி கேட்கிறார்கள் என்று பார்ப்பார். வெள்ளைப் பணியாரம் இரண்டாம் தரம் கேட்கப்படும்போது அவருக்குக் கிடைப்பதை எந்தச் சான்றிதழும் கொடுக்காது. அதே போலக் காரைக்குடியிலும் கோட்டையூரிலும் வீட்டில் மணகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் போட்டு விற்கிற ஆச்சிமார், "போன தடவை கொஞ்சம் கடுக்குனு இருந்துச்சு ஆச்சி" என்று வாங்குகிறவர் வாயாலேயே கேட்டுவிடுகிறார்கள், அடுத்த ஈடு மாறிவிடுகிறது. பெரிய கம்பெனியில் தர அறிக்கை மூன்று மாதம் கழித்து மின்னஞ்சலில் வருகிறது. டெரசா அமபிலே, ஸ்டீவன் கிராமர் இருவரும் ஏழு கம்பெனிகளில் 238 பேரிடம் தினக்குறிப்பு எழுத வாங்கிப் பார்த்தபோது, நல்ல நாள் என்று அவர்கள் எழுதிய நாட்களில் மிகப் பொதுவாக இருந்தது, முக்கியமான வேலை கொஞ்சமாவது நகர்ந்தது என்பதே. கொஞ்சம் போதும், ஆனால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வேலையே இல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று பார்த்தாலும் வேலை என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்று புரியும். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் ஊர் முழுக்கச் சோறு போட்ட துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மாரி யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து 1933ல் எழுதினார்கள். நேரம் மிச்சமாக இருக்கிறதே, படிப்பார்கள், கூடுவார்கள் என்று எதிர்பார்த்தால், நூலகத்தில் இரவல் வாங்குவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்துபோயிருந்தது, அதிலும் ஆண்களுக்கு. பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் நாளுக்கு ஒரு வடிவம் இருந்தது. பொழுதுக்கு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே ஆட்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஊரில் ஒரு அடையாளம், கைக்கு ஏதோ ஒரு காரியம், இந்த ஐந்தையும் வேலை சம்பளத்துக்கு மேலே சத்தமில்லாமல் கொடுக்கிறது என்று யஹோடா பிற்பாடு எழுதினார்.

செட்டிநாட்டுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர், போருக்குப் பிறகும் பழைய தொழில் பழையபடி வரவில்லை. பணம் போனதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மேலாளாக, அடுத்தாளாக வாழ்க்கை முழுக்கப் பழகிய திறமைக்கு ஊரில் இடம் இல்லாமல் போனதைப் பற்றிப் பேசுவது குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுத் தூணும் கதவும் எனாமல் சட்டியும் விற்கிற கடைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைகளின் ஞாபகம்தான் வருகிறது.

அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். ஆய்வுக்கூடம் ஒன்று வரப்போகிறது என்றதும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அதுதான் சிக்ரி, மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். கடல் தாண்டிப் போய்த்தான் திறமைக்கு வேலை என்று இருந்த வறண்ட பூமியில், அறிவை வைத்து ஊரிலேயே செய்யும் வேலை வந்தது. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம், அவர் ஒரு ஊருக்கு வேலைகளின் வகையையே மாற்றினார் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஏற்பாடு மட்டும்தான் எல்லாமுமா, ஆளுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். பங்கு இருக்கிறது. ஏமி ரெஸ்னெஸ்கி 1997ல், தன் வேலையைச் சிலர் பிழைப்பாகவும் சிலர் முன்னேறும் படியாகவும் சிலர் தன் பிறவிக் காரியமாகவும் பார்க்கிறார்கள் என்று காட்டினார், ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலையில் இருந்தவர்களிலேயே மூன்று வகையும் ஏறத்தாழ சமமாக இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர்களில் சிலர், யாரும் சொல்லாமலே நோயாளியோடு பேசுவது, வந்தவருக்கு வழிகாட்டுவது என்று தங்கள் வேலையைத் தாங்களே கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் அவரைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை, பழைய புத்தகம், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, பூச்சி அரிக்காமல் காப்பாற்றினார். லட்சத்தைத் தொட்ட அந்தத் தொகுப்பை அவர் மறைவுக்குப் பிறகு 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்க வைத்தது. தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அவர் சேர்த்ததைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்தத் துப்புரவுப் பணியாளரும் ரோஜா முத்தையாவும் செய்தது பெரிய காரியம்தான், ஆனால் அதற்கு நாளில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு வேலை என்று கேமரா வைத்து எண்ணுகிற இடத்தில் நோயாளியோடு எப்போது பேசுவது? அதனால்தான் முதலாளியாக இருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவு: ஆளிடம் துண்டைக் கொடுக்காமல் முழு வேலையைக் கொடுங்கள், செய்தது எங்கே போனது என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விடுங்கள், புதுப் பையனைக் கற்றுக்கொள்ள முடிகிற இடத்தில் உட்கார வையுங்கள். சின்னப் பட்டறைக்கும் ஓட்டலுக்கும் இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

வேலைக்குப் போகிற பிள்ளைகளிடம் விசாரிக்கும்போது அந்த மூன்று கேள்வியோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வேலையை நீ முழுசாக முடிப்பாயா? தப்பு வந்தால் அன்றைக்கே தெரியுமா? யாரிடம் கற்றுக்கொள்வாய், அவர் பேர் தெரியுமா? லீவு கேட்டால் யாரைக் கேட்க வேண்டும்? முக்கியமாக, உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? அவர் அதே இடத்தில் ஒரு படி மேலே இருந்தால் நல்லது. வெளியே போய்ச் சொந்தமாகத் தொடங்கியிருந்தாலும் நல்லது, கற்றுக்கொள்ள அங்கே ஏதோ இருந்திருக்கிறது. ஒரே வருஷத்தில் மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள், ஏன் போனார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை என்றால், சம்பளத் தொகையைப் பார்த்துச் சரி சொல்வதற்கு முன்னால் போனவர்களில் ஒருவருக்காவது போன் போட்டுப் பேசிவிடச் சொல்லுங்கள்.